எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு நான் சொன்ன விலை

என் அக்காவின் வீட்டுக்காரர், உங்கள் மாமா, ஒரு காலத்தில் டாக்ஸி ஓட்டினார். பிள்ளைகளா, அது நீங்கள் பிறப்பதற்கு முன்னால், எண்பதுகளின் நடுவில். அவர் ஓட்டியது பழைய அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர், பெட்ரோல். எல்லோரும் அதைப் பிளசர் என்றுதான் சொல்வார்கள். திருச்சுழியிலிருந்து நரிக்குடி வரைக்கும் அப்படி ஒரு வண்டி அது ஒன்றுதான். கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு அதைக் கேட்டு வருவார்கள். மற்ற நாட்களில் பத்துப் பதினோரு பேரை அடைத்துக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு டிரிப் அடிப்பார்.

ஒரு வருஷம் அதன் எஞ்சின் பிஸ்டன் உடைந்து ஒன்றுக்கும் ஆகாமல் போனது. டீசல் எஞ்சினை மாற்றிப் போடச் சொல்லிப் பலரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நான் அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன், மேஸ்திரி என்று பெயர் எடுத்திருந்த புதிது. மாமா கேட்கவில்லை.

"டீசலு போட்டா டிராக்டரு கணக்கா கத்தும் மாப்ளே. தாலி கட்டப் போறவன நெல்லு மூட மாதிரி குலுக்கிக்கிட்டா கொண்டு போறது?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னது சரிதான். கல்யாண வாடகை போய்விட்டால் அந்த வண்டியை வைத்துப் பிழைக்க முடியாது. வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது. நிலம் மானாவாரி, மழையும் இல்லை.

அதே மாதிரிக் கார் ஒன்று அருப்புக்கோட்டையில் ஒரு பருத்தி வியாபாரியின் தகரச் செட்டில் நிற்பதாக நான்தான் விசாரித்துச் சொன்னேன். பாடி துருப்பிடித்துவிட்டது, எஞ்சின் ஓடும். எஞ்சினை மட்டும் ஆறாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நீ என்ன விலை சொல்கிறாயோ அதுதான், அதற்கு மேல் நான் வாய் திறக்க மாட்டேன் என்றார்.

பழைய எஞ்சினுக்கு விலை சொல்வதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் அதன் மேல் கையை வைக்க வேண்டும். சுட்டால், நாம் வருமுன் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். சூடாக இருக்கும் எஞ்சின் தன் நோயைச் சீக்கிரம் காட்டாது. இது குளிர்ந்து கிடந்தது. இரண்டாவது தடவையில் கிளம்பியது. புகை நீலமாக வரவில்லை. ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தேன், காற்று அடிக்கவில்லை. ஆயிலை விரலில் தேய்த்துப் பார்த்தேன், இரும்புத் தூள் இல்லை. ஸ்க்ரூடிரைவர் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே எதுவும் தட்டவில்லை. அதற்குள் வியாபாரி எனக்கு நாற்காலி போடச் சொல்லி, மேஸ்திரிக்குக் காபி கொண்டாங்க என்று உள்ளே பார்த்துச் சொன்னார். ஓடிய எஞ்சினைப் பத்து நிமிஷம்கூட ஓடவிடாமல் நிறுத்தச் சொல்லிவிட்டு நான் போய் உட்கார்ந்தேன்.

அதன்பின் என் புத்தியெல்லாம் விலையை அடிப்பதிலேயே இருந்தது. பிளக் தேய்ந்திருக்கிறது, கார்புரேட்டர் ஒழுகுகிறது, இதற்கு ஸ்பேருக்கு எங்கே போவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நாலாயிரத்து இருநூறுக்கு இறக்கினேன். மாமா பஸ் ஸ்டாண்டு வரை என் தோளில் போட்ட கையை எடுக்கவில்லை.

நான் கேட்காமல் விட்டது ஒன்று. இதற்கு எந்தத் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்கவில்லை. நம் பக்கத்தில் பெண் கொடுக்கப் போனாலும் தண்ணி எப்படி என்றுதான் முதலில் விசாரிப்போம். கிணற்றுக்குக் கிணறு உப்பு. அந்தச் செட்டுக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பானைக்குள் வெள்ளையாகப் படியும். அதைத்தான் வருஷக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்கள். அந்த உப்பு படிந்து எஞ்சினுக்குள் தண்ணீர் ஓடும் வழி அடைத்தால் சூடு தணியாது, கொதித்துவிடும். ஏமாற்றுகிற எண்ணமெல்லாம் அவர்களுக்கு இல்லை. கிணறு பக்கத்தில் இருந்தது, ஊற்றினார்கள். தண்ணீர்க் குழாயைக் கழற்றி ஒரு விரலை உள்ளே விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இரண்டு நிமிஷ வேலை.

எஞ்சினை மாட்டி ஒரு மாதம் ஆகவில்லை. வைகாசி முகூர்த்தம், காருக்குள் மாப்பிள்ளை, நரிக்குடி ரோட்டில் வண்டி கொதித்து நின்றது. நேரமாகிறது என்று கூட வந்தவர்கள் நெருக்கியிருக்கிறார்கள். மாமா ஆறவிடாமல் சாக்கை மேலே போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கொதிநீர் முகத்தில் அடித்தது. அந்த வழியே வந்த ஒரு லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வலது கண் போய்விட்டது.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் எஞ்சினை இறக்கிப் பிரித்தேன். பின்பக்கத்துச் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழி பூராவும் சுண்ணாம்பு. குத்தினால் ஓடு ஓடாக விழுந்தது. பிளாக்கில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. விழுந்ததையெல்லாம் கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டு, எஞ்சினைத் திரும்பப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமா என்னிடம் ஏன் கொதித்தது என்று கேட்டார். ரேடியேட்டர் பழசு என்று சொன்னேன்.

"அதையும் சேத்து மாத்தியிருக்கணும். என் தப்புதான்" என்றார்.

இனி டாக்ஸி ஓட்ட முடியாது என்று ஆனபின் எஞ்சினையாவது விற்கலாம் என்று பார்த்தார்கள். கமுதிப் பக்கம் அதே மாதிரி வண்டி வைத்திருந்த ஒருவர் தேடி வந்தார். என்னையும் கூப்பிட்டுவிட்டிருந்தார்கள். அக்கா எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். வந்தவர், மேஸ்திரி சொன்னால் நம்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு மாப்ளே. என்ன வெல போகும்?"

அந்த ஆளும் டிரைவர்தான். அவர் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

"பழைய இரும்பு வெலதான் போகும் மச்சான்" என்றேன். உள்ளே பார்த்ததை முழுக்கச் சொன்னேன். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மாமா எஞ்சினைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க ஆஸ்பத்திரில இருக்கும்போதே."

"அன்னைக்கு நான் ஒங்கிட்டக் கேட்டேன்ல" என்றார். பிறகு, "முன்னப்பின்ன தெரியாதவருக்குச் சொல்லத் தோணுச்சு ஒனக்கு" என்றார்.

அக்கா என் கையிலிருந்த மோர்த் தம்ளரை வாங்கிக்கொண்டாள். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி. போ" என்றாள். போயிட்டு வா என்று சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் அக்கா மகள் பெரிய மனுஷியானாள். அழைப்பு வரவில்லை. தாய்மாமன் சீர் நம் கடன் என்று நானும் உங்கள் அம்மாவும் தட்டோடு போனோம். என் பெரியப்பா மகன் ஒருவனை வைத்துத் தாய்மாமன் முறையைச் செய்து முடித்திருந்தார்கள். வாசலில் நின்றோம். யாரும் வையவில்லை, யாரும் தட்டை வாங்கவும் இல்லை. அப்படியே தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். உங்கள் அம்மாவுக்குக் கோபம். எனக்குக் கோபப்பட இடமில்லை.

நீங்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஸ்பின்னிங் மில் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறவர் அந்த மாமாதான். என்னிடம் பேச மாட்டார். நீங்கள் போய்ப் பேசுங்கள், உங்களை விரட்ட மாட்டார். வலப்பக்கமாகப் போய் நின்றால் அவருக்குத் தெரியாது. இடப்பக்கமாகப் போய் நில்லுங்கள்.