வெங்கி மேல் நான் கொடுத்த புகார்

வெங்கியை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். பொம்மசந்திராவில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் லைன் பார்த்தவர். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் கோவிந்தப்பாவிடம் கன்னடம், எதிர் ஃப்ளாட்டில் இந்தி, என்னிடம் தமிழ். ஷூவை வாசலில் கழற்றாமல் உள்ளே கால் வைத்ததில்லை. தண்ணீர் கொடுத்தால் உதட்டில் படாமல் அண்ணாந்து குடிப்பார். இதையெல்லாம் கவனித்த எனக்கு அவருடைய முழுப்பெயர் தெரியாது.

நான் சுந்தரமூர்த்தி, ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி சூப்பர்வைசர். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போவதில்லை. ஆயுத பூஜையன்று ஃபேக்டரி மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்த கையோடு வீட்டிலும் மிக்ஸி, ஸ்கூட்டர், ரூட்டர் என்று ஒன்றுவிடாமல் வைத்தேன். சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியாகவே கரைத்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து நெட் வருவதும் போவதுமாக இருந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என் மகள் லாவண்யாவுக்கு மீட்டிங் பாதியில் அறுந்தது. வெங்கி வந்து வயரின் முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டார். சரியாகவில்லை. இரண்டாம் தடவை, ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருந்தால் சிக்னல் கெடும் என்று ரூட்டரை ஷெல்ஃபுக்கு மாற்றினார், அடாப்டரையும் மாற்றினார். அப்போதும் அதே கதை. மூன்றாம் தடவை வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் விளக்கெல்லாம் பச்சை.

"எதுல கோளாறு?" என்றேன்.

"ஸ்வல்ப தூசி சார். இனிமே தொந்தரவு இருக்காது."

"தூசியக் கண்டுபிடிக்க மூணு தடவையா? என் ஃபேக்டரியா இருந்தா உன்ன அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பேன்."

அதுவரை வாங்க, போங்க என்று பேசியவன் அன்று ஒருமைக்கு இறங்கினேன். அவர் ஷூவை மாட்டிக்கொண்டு போனார். அதோடு விட்டேனா? கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"சார், அவர் மேல ஏற்கெனவே ரெண்டு கம்ப்ளெயின்ட் இருக்கு. இதையும் போட்டா வேலைய விட்டு எடுத்துருவாங்க. போடட்டுமா?" என்றாள் அங்கிருந்த பெண்.

"போடும்மா. வேலை தெரியாதவன் எதுக்கு?"

சாயங்காலம் மனைவி சாந்தகுமாரியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே, என்ன காரியம் பண்ணிட்டீங்க! வயர் சொருகுற ஓட்டைக்குள்ள நீங்க வச்ச சந்தனம் இறங்கிக் காஞ்சு கெடந்துச்சு. குச்சியால சுரண்டி எடுத்தாரு. சாமிக்கு வச்சதக் குத்தம் சொல்லக் கூடாது, சார்கிட்ட சொல்லாதீங்கன்னாரு. நீங்க கத்தும்போதுகூடச் சொல்ல வந்தேன், அவருதான் வேணாம்னு கண்ணக் காட்டினாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உடனே கம்பெனியைக் கூப்பிட்டு, கம்ப்ளெயின்டை வாபஸ் வாங்க வேண்டும் என்றேன்.

"காரணம் எழுதணும் சார். தப்பு அவரோடதா, உங்களோடதா?"

லாவண்யா ஹாலில் உட்கார்ந்திருந்தாள். குவாலிட்டி சூப்பர்வைசரே ரூட்டருக்குள் சந்தனத்தை விட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மறுநாள் மதியம் கூப்பிட்டபோது வெங்கியை வேலையை விட்டு எடுத்திருந்தார்கள்.

இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் அவர் நம்பருக்கே போன் போட்டேன். மன்னிச்சிருங்க என்ற வார்த்தை வாய்வரை வந்திருந்தது.

"சொல்லுங்க சார், திரும்ப நெட் போயிடுச்சா? நான் இப்ப வேலைல இல்ல சார். பரவால்ல, ரூட்டர ஆஃப் பண்ணிப் பத்து எண்ணுங்க, அப்புறம் ஆன் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

நெட் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. நான் போய் ரூட்டரை அணைத்தேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்!" என்று லாவண்யா கத்தினாள். பத்து வரை எண்ணினேன். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் சுவிட்சைப் போட்டேன்.

"வந்துச்சா சார்?"

"வந்துடுச்சு வெங்கி," என்றேன்.