இரண்டு துண்டு, இரண்டு நிறம்

ரங்கூனின் லத்தா பகுதியில் ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறது எங்கள் அலுவலகம். வெளிநாட்டு ஓட்டல்களுக்கு இணையதளம் செய்து தருகிறோம். நான் சேர்ந்த மூன்றாம் மாதக் கடைசியில் மேலாளர் ஒரு பக்கத்தை என்னிடம் தனியாக ஒப்படைத்தார். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு சரி என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஐரோப்பாவில் கடலோரமாக ஒரு விடுதி. ஆடையில்லாமல் இருப்பதற்காகவே அங்கே போகிறார்கள். எங்கே என்ன உடுத்த வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லும் பக்கம் அது. ஆடையே வேண்டாத இடத்துக்கு இத்தனை உடை விதிகள் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வரவேற்பறையில் உடை வேண்டும். இரவு உணவுக்கு ஏதாவது போட்டுக்கொள்வது வழக்கம். குளிர்ந்தால் போர்த்திக்கொள்ளலாம். படம் எடுக்கக் கூடாது, முறைத்துப் பார்க்கக் கூடாது. துண்டு கட்டாயம்.

எதற்குத் துண்டு என்று விடுதி அனுப்பிய குறிப்பில் இல்லை. போட்டாதாங்கில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் தொட்டியடியில், பெண்கள் இடுப்பில் கட்டும் தமெயினை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டுதான் குளிக்கிறோம். அந்தப் பழக்கத்தில், துண்டை மார்பு வரை கட்டிக்கொண்டு நீச்சல்குளத்தில் இறங்கவும் என்று எழுதி, படமும் வரைந்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. குளத்தில் எந்தத் துணியும் கூடாது, நீச்சலுடைகூட. துண்டு உட்காருவதற்கு, எந்த நாற்காலியிலும் வெறும் உடம்போடு உட்காரக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பவும். மேலாளர் இந்த முறை சிரிக்கவில்லை.

வீட்டில் திருத்திக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார். விளக்க வேண்டியதாயிற்று. துணியில்லாத குளியலை அம்மா பெரிதுபடுத்தவில்லை. கவலை வேறு இடத்தில் இருந்தது.

"குந்துன துண்டுலயேவா மூஞ்சியும் தொடைக்கிறாங்க?"

ரங்கூனில் வளர்ந்த யாருக்கும் வரும் சந்தேகம்தான். இடுப்புக்குக் கீழே கட்டியது முகத்துக்கு நேரே வரக் கூடாது என்பார்கள்; எங்கள் கொடியில்கூடத் தமெயின் தாழத்தான் காயும், சட்டை மேலே. குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு விடை இல்லை. கடைசி வரியாகச் சேர்த்தேன்: இரண்டு துண்டு கொண்டுவரவும், வேறு வேறு நிறத்தில், ஒன்று உட்கார, ஒன்று துடைக்க. கேட்காததை ஏன் சேர்க்கிறாய் என்று மேலாளர் தடுத்துப் பார்த்தார். அந்த வரியை எடுத்தால் என்னால் நிம்மதியாக அனுப்ப முடியாது என்றேன்.

திங்கட்கிழமை பதில் வந்தது. பக்கம் அப்படியே ஏற்கப்பட்டது. இனி வரவேற்பறையிலேயே இரு நிறத் துண்டுகள் வைக்கப்போகிறார்களாம். சாயங்காலம் நிரந்தர உத்தரவு என் கைக்கு வந்தது.

அதை இரண்டு முறை வாங்கிப் பார்த்த அம்மாவுக்குப் புதுக் கவலை. "கோயில்ல பாக்குறவங்க ஒனக்கு என்னா வேலைன்னு கேட்டா?"

"ஓட்டல் வேலைன்னு சொல்லும்மா."

"ஓட்டல்ல என்னா வேலைன்னு கேப்பாங்களே புள்ள."

"துணிமணி சம்பந்தமான வேலைன்னு சொல்லு."

அப்படியே சொல்லியிருக்கிறார். இப்போது இரண்டு பேர் என்னிடம் தைக்கக் கொடுக்கலாமா என்று விசாரித்திருக்கிறார்கள்.