செஸ் நடக்கிறது, சத்தம் போடாதீங்க

சத்தம் போடாதேன்னு சத்தம் போடுவதுதான் வாட்ச்மேன் உத்தியோகம்; கேட்டில் நின்று தொண்டை கட்டினவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். தொண்ணூறுகளில் ஆவடியில் ஒரு மாதா கோயில் ஹாலில் காவல் இருந்தேன். கல்யாணக் கூட்டத்தைக்கூடச் சமாளித்துவிடலாம். பிள்ளைகளுக்குச் செஸ் போட்டி வைத்தால், பெற்றவர்களை அடக்க முடியாது.

ஜன்னல்

ஒரு வருஷம் கடைசி ஆட்டம் சேக்காட்டு ஜெசிந்தாவுக்கும் நசரத்பேட்டை பாலாஜிக்கும். ஜெயிப்பவருக்கு மட்டும்தான் மாவட்ட அணியில் இடம். பாலாஜியின் அப்பா கீரைத் தோட்டக்காரர். ஜன்னலில் நின்றுகொண்டு, குதிரையை நகர்த்து என்பதற்குத் துண்டை உதறுவார். யானைக்குக் காதைப் பிடிப்பார். ஜன்னலைச் சாத்தினேன். மனுஷன் கதவைத் தட்டுகிறார்:

"அண்ணாத்தே, தொற! காத்து இல்லாம என் புள்ள மூள வெந்துகினு கீது!"

குளுகோஸ்

பாவம் என்று ஜன்னலைத் திறந்தேன். துண்டை மட்டும் பிடுங்கிக்கொண்டேன். பையனுக்கு அவன் அம்மா ஒரு பாட்டில் குளுகோஸ் தண்ணீர் கொடுத்திருந்தார். நல்லாத்தான் ஆடினான். அவனிடம் ராணி இருந்தது; ஜெசிந்தாவுக்கு ராஜாவும் ரெண்டு சிப்பாயும்தான் மிச்சம். ஆனால் குளுகோஸ் தன் வேலையைக் காட்டியது.

நகர்த்தினதும் பக்கத்தில் இருக்கும் கடிகாரத்தை அமுக்க வேண்டும். அப்போதுதான் நம் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். இவன் காயை வைத்தான், அமுக்காமலே கக்கூசுக்கு ஓடிவிட்டான். ஜெசிந்தா கடிகாரத்தைப் பார்த்தாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். பாலாஜியின் அப்பாவும் பார்த்துவிட்டார். கத்த வாயைத் திறந்தவரை, அவர் துண்டாலேயே பொத்தினேன். துண்டுக்குள்ளிருந்து கெஞ்சுகிறார்:

"வுடு மாமே, ஒரே ஒரு தபா இருமிக்கிறேன்!"

கொடி

பாலாஜி நிம்மதியாகத் திரும்பி வந்தான். அந்தப் பெண் யோசிக்கிறாள் என்று நினைத்து, பரிதாபமாகப் பார்த்தான். அப்பா ஜன்னல் கட்டையை 'அமுக்கு, அமுக்கு' என்று உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். அப்பா தாளம் போடுகிறார் என்று இவன் சிரித்தான்.

நேரம் முடிந்தால் கடிகாரத்தில் அவரவர் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி விழும்; விழுந்தால் தோல்வி. விழுந்தது. யாருடையது என்றுகூடப் பார்க்காமல் பாலாஜியே கையைத் தூக்கினான்: "சார், அக்காவுக்கு டைம் பூட்ச்சி!"

நடுவர் குனிந்து பார்த்தார். "விழுந்தது உன் கொடி, கண்ணு."

அணியில் இடம் போச்சு. வெளியே வந்த ஜெசிந்தாவிடம் பாலாஜியின் அப்பா ஆற்றாமையோடு கேட்டார், "ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் என்னைக் கை காட்டினாள்:

"இந்த அங்கிள்தானே யாரும் பேசக்கூடாதுன்னாரு!"

என் இத்தனை வருஷக் காவலில், நான் சொன்னதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்தப் பெண் ஒருத்திதான்.