ஏழு ஷார்ப், ஐந்து பிளாட்

எலிசாளுக்குச் சொந்த ஊர் பாறசாலை. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள், ஸ்டாச்சு ஜங்ஷனில் ஒரு டிடிபி கடையில் கல்யாணக் கார்டும் நோட்டீசும் அடித்தே பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். 1999-ல் கடை முதலாளி மேற்கத்திய இசைக்குறிப்பு அடிக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கிப் போட்டார். சின்ன வயதில் ஆர்கன் படித்திருந்த எலிசாளைத் தவிர கடையில் வேறு யாருக்கும் அது பிடிபடவில்லை. அதன்பிறகு எந்தச் சபையின் குயருக்கு, பாட்டுக் குழுவுக்கு, புதுப் பாட்டு வேண்டுமென்றாலும் காகிதம் அவள் மேசைக்குத்தான் வரும். ஐந்து கோட்டில் புள்ளிகள், அதற்குக் கீழே தமிழ் வரிகள். பிழை என்று யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

அவள் புருஷன் ஞானையன் பஸ் டிப்போவில் மெக்கானிக். சபைக் குயரில் அவர் ஆண்களின் மேல்குரலான டெனர், இவள் பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோ. 2004 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தவர் பாதி முகம் சோப்போடு அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

எலிசாள் அழவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. பதினோராம் நாள் கடைக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்கார்ந்தாள், கிடைக்காவிட்டால் நின்றாள். சோற்றில் உப்பு போட்டோமா என்று சாப்பிட்டு முடித்த பிறகும் அவளுக்குத் தெரியாது.

நவம்பரில் குயர் மாஸ்டர் ஆன்சன் கடைக்கு வந்தான். அவளைவிடப் பத்து வயது இளையவன்.

"எலிசாளக்கா, ஒரு காரியம் சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லு."

"கிறிஸ்மஸ் பாட்டை அரை ஸ்வரம் கீழ இறக்கணும். கடைசிப் பக்கத்துல டெனருக்கு மேல ஒரு 'ஏ' ஸ்வரம் வருதல்லே? இப்போ டெனர் பாடுற ஷிபு எத்தனை தடவை பாத்துட்டான், எட்டல. அண்ணன் இருந்தப்போ நமக்கு..."

"எப்போ வேணும்?"

"வியாழக்கிழமை பிராக்டிஸ்."

"தாரேன்."

அவன் இன்னும் ஏதோ சொல்ல நின்றான். அவள் அதற்குள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டாள்.

அந்தப் பாட்டின் சுருதி 'டி' மேஜர். அரை ஸ்வரம் இறக்க சாஃப்ட்வேரில் இரண்டு வழி உண்டு. எழுத்தை மாற்றாமல் 'டி பிளாட்' ஆக்கலாம், அல்லது பக்கத்து எழுத்துக்கு இறக்கி 'சி ஷார்ப்' ஆக்கலாம். ஆர்கனில் இரண்டும் ஒரே கட்டைதான், காதுக்கு ஒரே சத்தம்தான். தாளில்தான் வேறு. முதல் வழியில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஸ்வரத்தை அரை இறக்கும் குறியான பிளாட் ஐந்து நிற்கும், இரண்டாவதில் அரை ஏற்றும் குறியான ஷார்ப் ஏழு. ஐந்து பிளாட்டில் பாடிப் பழகிய குயர் அது. எந்த வழி என்று எலிசாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அன்று கை இரண்டாவதைத் தட்டியது. பழைய ஃபைல் மேலேயே சேவ் செய்தாள். பார்க்காமலே பிரிண்ட் கொடுத்தாள்.

வியாழக்கிழமை பிராக்டிஸில் முதல் இரண்டு பக்கம் தட்டுத்தடுமாறி நகர்ந்தது. முப்பத்துமூன்றாம் தாளக் கட்டத்தில் பாட்டு சுருதி மாறும். அந்த இடத்தில் கணக்குப்படி எட்டு ஷார்ப் வரவேண்டும். ஏழு எழுத்துக்கு எட்டு ஷார்ப் எழுத வழியில்லாததால் சாஃப்ட்வேர் தானாகவே நாலு பிளாட்டுக்குத் தாவியிருந்தது. மேல்குரல் பாடும் சோப்ரானோக்கள் நின்றுவிட்டார்கள். ஆல்ட்டோக்கள் ஆளுக்கொன்று பாடினார்கள். ஆர்கன் வாசிக்கும் ரெனி கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, இதென்ன? ஏழு ஷார்ப்புல வந்துட்டு திடீர்னு நாலு பிளாட்?"

"சாரமில்ல, பரவால்ல, சத்தம் ஒண்ணுதானே," என்றான் ஷிபு, அவளைக் காப்பாற்றுகிற நினைப்பில்.

எலிசாள் எழுந்து வரிசை வரிசையாக நடந்து பாட்டுத் தாள்களைத் திரும்ப வாங்கினாள். "என் தப்புதான். சரி பண்ணித் தாரேன்." வெட்கமோ வருத்தமோ அவளுக்குள் எழவில்லை. வேறு யாரோ பேசியதுபோல இருந்தது.

வாசலில் ஆன்சன் சொன்னான்: "சிம்பிள்தானே அக்கா. திரும்ப பழைய 'டி'க்கே ஏத்திட்டு, அங்கேருந்து பிளாட் வழியா இறக்கினா அஞ்சு நிமிஷ வேலை."

"வேண்டாம்."

"ஏன்?"

"மேல போக வேண்டாம். இங்கேருந்தே மாத்துதேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கதவைப் பூட்டப் போனான்.

மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளியாகப் பெயர் மாற்றினாள். 'சி ஷார்ப்' 'டி பிளாட்' ஆனது. 'எஃப் ஷார்ப்' 'ஜி பிளாட்' ஆனது. நாலு குரலுக்கும், ஆர்கனுக்கும். தட்டும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அந்த ஸ்வரத்தை ஒருமுறை ஒலிக்கும். பாட்டு பழைய சுருதிக்கே திரும்பும் கடைசிப் பக்கத்தில் டெனரின் உச்ச ஸ்வரம் 'ஜி ஷார்ப்' என்று நின்றது. அதை 'ஏ பிளாட்' ஆக்கினாள். முன்னே எப்படிக் கேட்டதோ அப்படியே கேட்டது. இன்னொரு தடவை தட்டிக் கேட்டாள். ஞானையன் அந்த இடத்தில் புருவத்தைத் தூக்கிப் பாடுவது நினைவுக்கு வந்தது. யாரோ அயல்வீட்டுக்காரரை நினைத்ததுபோல வந்து போனது. அவள் அடுத்த புள்ளிக்கு நகர்ந்தாள்.

இந்தத் தடவை பிரிண்டை இரண்டு முறை படித்துப் பார்த்தே அனுப்பினாள்.

கிறிஸ்மஸ் காலையில் பாடினார்கள். முப்பத்துமூன்றில் யாரும் தடுமாறவில்லை. ஷிபுவின் குரல் உச்சத்தில் கொஞ்சம் மெலிந்தது, ஆனால் நின்றது. எலிசாள் ஆல்ட்டோ வரிசையில் தன் பகுதியைப் பாடி, பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பினாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஷிபு அவளைத் தேடி வந்தான். "அக்கா, அண்ணன் மாதிரி வரல. தெரியும்."

"அவரு பாட்டு அவரோட போச்சு," என்றாள் எலிசாள். "நீ நல்லா பாடினே."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவளுக்கே கேட்டது. ரெனி கொண்டுவந்து நீட்டிய கேக்கை வாங்கி, நின்றபடியே முழுவதும் தின்றாள். இனிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து உடுத்த சேலையோடே படுத்தவள் சாயங்காலம் நாலு மணி வரை எழும்பவில்லை.