கிளட்ச்சுக்கு எண்ணெய்க் குளியல்

எங்கள் வீட்டில் சாமியை வைத்துச் சண்டை வந்ததில்லை. ஓட்டு யாருக்கு என்பதிலும் வந்ததில்லை. கிளட்ச்சை வைத்து வந்தது. என் கணவர் கேபிள் கட்சி, என் தம்பி ஹைட்ராலிக் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் வலித்தது என் இடது கை.

வலி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு வேலை செங்கல்பட்டில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். வீடு கூடுவாஞ்சேரியில். தினமும் ஜிஎஸ்டி ரோட்டில் பைக்கில் போய் வருகிறேன். ஸ்கூட்டர் இல்லை, கியர் வைத்த பைக். கோவளத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். அப்பா படகில் போயிருக்கும் நேரம் பார்த்து அவர் வண்டியை எடுத்து ஓட்டிப் பழகியவள். கியர் இல்லாத வண்டியை என் மனசு வண்டி என்றே ஒப்புக்கொள்ளாது. இந்த பைக் நானே ஆசைப்பட்டு, கலர் முதற்கொண்டு நானே பார்த்து வாங்கியது.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் காலையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே யாரும் ஓட்டுவதில்லை, கிளட்ச்சைப் பிடித்து விட்டுப் பிடித்து விட்டு நகர்கிறோம், அவ்வளவுதான். ஒரு வருஷமாக என் கிளட்ச் லீவர் இறுகிக்கொண்டே வந்தது. கடைசியில் கட்டை விரலின் அடியில் பிடித்த வலி மணிக்கட்டு வரை ஏறி, தோசைக் கல்லைப் பிடிக்கக்கூட வலது கையைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

எலும்பு டாக்டர் என் கட்டை விரலை மடக்கி ஒரு திருப்புத் திருப்பினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே டோக்கனோடு காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டாராம். "தசைநார் வீங்கியிருக்கும்மா. இவ்ளோ டைட்டான கிளட்ச்சைப் பிடிக்கக் கூடாது. கிளட்ச்சை மாத்துங்க, இல்ல வண்டியை மாத்துங்க" என்றார்.

என் கணவர் காதில் பின்பாதி மட்டும்தான் விழுந்தது.

"வண்டிய குட்த்துடலாம். ஆள் பாக்கச் சொல்றேன்" என்றார் அன்று மாலையே. "நீ ட்ரெயின்ல போ. ஜன்னலாண்ட குந்திகினு, காத்து வாங்கிகினு, ராணி மாதிரி போலாம்."

அவர் தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர். ஜன்னலோரம் என்ன, உட்கார இடம் கிடைத்ததாகவே எனக்கு நினைவில்லை. நான் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக அடுக்கினேன். உண்மையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. கை போனால்கூடப் பரவாயில்லை, வண்டி போகக் கூடாது என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் அப்படித்தான் நினைத்தேன்.

விஷயம் கோவளத்துக்கு எட்டியது. தம்பி படகு வைத்திருக்கிறான். அப்போதுதான் ஹைட்ராலிக் கிளட்ச் வைத்த பெரிய பைக் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தான். போன் போட்டு, "அக்கா, நீ எதுக்கு வண்டிய விக்கணும்? ஹைட்ராலிக்குக்கு மாறிடு. என் வண்டில ஒத்த விரல்ல இழுக்கலாம். உள்ள கம்பியே கெடையாது, எல்லாமே ஆயிலு தள்ற வேலைதான்" என்றான்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவருக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், கேபிள்னா கண்ணுக்குத் தெரியும். அறுந்தா ரோட்டோரமா நின்னு நாமளே மாட்டிக்கலாம். நான் எப்பவுமே இவ வண்டி சீட்டுக்குக் கீழ ஒரு ஸ்பேர் கேபிள் வச்சிகீறேன். உன் ஆயிலு ஒழுகிச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"கடக்காத்துல உன் கேபிளு துருப்புடிச்சிப் பூடும் மாமா!"

"நாங்க இன்னா கடல்லயா வண்டி ஓட்றோம்?"

இப்படியே ஒரு மாதம் ஓடியது. மனைவியின் வண்டியை விற்கத் துடிக்கிற மனுஷர் அதே வண்டியின் கேபிளுக்காகத் தொண்டை கிழியக் கத்துவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கை எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

கடைசியில் நான்தான் ஒரு முடிவு கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கு மீன் சாப்பாட்டுக்குப் போவோம். அங்கிருந்து மாமல்லபுரம் வழியாகச் செங்கல்பட்டு வரை தம்பியின் வண்டியை நான் ஓட்டிப் பார்க்கிறேன். கை வலிக்கவில்லை என்றால் ஹைட்ராலிக் வண்டிக்கு மாறிக்கொள்கிறேன். அதிலும் வலித்தால் பைக்கே வேண்டாம், வாயை மூடிக்கொண்டு ரயில் ஏறுகிறேன். மூன்று பேரும் ஒப்புக்கொண்டோம்.

வஞ்சிர வறுவலுக்குப் பின் புறப்பட்டோம். தம்பி வண்டியை நான் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்தான். என் வண்டியில் என் கணவர் பின்தொடர்ந்தார்.

ஹைட்ராலிக்கைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை லீவரை இழுத்தபோது அது இழுபட்டதா என்றே சந்தேகம் வந்தது. அவ்வளவு லேசு. ஈசிஆரில் கியர் மாற்றிக்கொண்டே போனேன், தேவையில்லாத இடத்திலும் மாற்றினேன். வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் பாட்டே வந்துவிட்டது எனக்கு. பின்னால் தம்பி, "இன்னாக்கா, எப்டி?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

பூஞ்சேரி கூட்ரோட்டில் ஒரு சுற்றுலாப் பேருந்து திரும்பிக்கொண்டிருந்தது. வேகம் குறைக்க லீவரை இழுத்தேன். அது கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு அப்படியே படுத்துவிட்டது. கிளட்ச் வேலை செய்யவில்லை. வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, பேருந்தின் முன்னால் அணைந்து நின்றது. அந்த டிரைவர் என்னைச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், இளநீர்க் கடை அருகில் நிறுத்தினோம். தம்பி ஹேண்டில் பக்கத்திலிருந்த சின்ன ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தான். உள்ளே இருந்த ரப்பர், தயிர் வடை மாதிரி ஊதிப்போய்க் கிடந்தது.

"இதுல இன்னா ஊத்தின?" என்றேன்.

"கொஞ்சம் கொறைஞ்சா மாதிரி இருந்துச்சு. போன வாரம் நம்ம படகு இன்ஜினுக்கு ஊத்தற ஆயில ஊத்தினேன். புது டின்னுக்கா, இப்பதான் ஒடைச்சது."

"மூடி மேலயே எழுதிகீதே, பிரேக் ஆயில்னு!"

தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அதான் நானும் பாத்தேன். கிளட்ச்சுக்கு எதுக்குக்கா பிரேக் ஆயிலு? கம்பெனில எவனோ மூடிய மாத்திப் போட்டுட்டான்னு நெனச்சேன்."

ஹைட்ராலிக் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில்தான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மூடி சொன்னது, அதை அவன் நம்பவில்லை. வேறு ஆயில் பட்டால் அந்த ரப்பர் ஊதி, லீவரில் அழுத்தமே நிற்காது என்பதை நான் நடுரோட்டில் நின்று அவனுக்கு விளக்கினேன். ஹைட்ராலிக்குக்கு மாறலாமா என்று யோசித்த ஒரு மாதமும் இதையெல்லாம் போனில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

என் கணவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் அப்படிச் சிரிக்கவில்லை. "நான் தலப்பாடா அடிச்சிகினேன். மச்சான், நீ இங்கியே இரு. நான் போயி மெக்கானிக்க இட்டாறேன். கேபிள் வண்டி எப்டிப் போவுதுன்னு பாரு" என்று என் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். லீவரை ஒரு வீரத்தோடு இழுத்தார்.

டப் என்று ஒரு சத்தம். லீவர் தொங்கியது.

இளநீர்க் கடைக்காரர் எங்களுக்கு இளநீர் வேண்டுமா என்று கேட்டார்.

"அதான் சீட்டுக்குக் கீழ ஸ்பேர் இருக்குதே மாமா?" என்றான் தம்பி, பவ்வியமாக.

என் கணவர் கடலிருக்கும் திசையைப் பார்த்தார். "அத்த வூட்ல புடலங்காப் பந்தலுக்கு இழுத்துக் கட்டிகீறேன்."

நான் அறுந்த கம்பியைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தேன். வந்தது கம்பி மாதிரியே இல்லை. அடை அடையாகக் கறுப்புப் பிசின் ஒட்டியிருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். எங்கேயோ பழகிய வாசனை. காறிப்போன நல்லெண்ணெய். சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் அடிக்கும் அதே வாசனை.

என் கணவர் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். திரும்பி அவரைப் பார்த்தேன்.

"கிண்ணத்துல கொஞ்சம் மீந்துடும்... வீணாப் போவுதேன்னு... வண்டிக்கும் ரெண்டு சொட்டு உடுவேன்" என்றார்.

"எத்தினி நாளா?"

"அது... கொஞ்சம் டைட்டாகீதுன்னு நீ சொன்னப்பலேர்ந்து. நீ டைட்டு டைட்டுன்னு சொல்லச் சொல்ல நானும் கூடக் கொஞ்சம் உட்டுகினேதான் இருந்தேன். தலைக்கே நல்லதுன்றாங்க, வண்டிக்குக் கெடுதலா பண்ணும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நல்லெண்ணெயும் ஜிஎஸ்டி ரோட்டுத் தூசியும் சேர்ந்து கேபிளுக்குள் பசையாகி இறுகி, அதை இழுத்து இழுத்து என் கை வீங்கி, அதைக் காரணம் காட்டி என் வண்டியையே விற்கப் பார்த்திருக்கிறார் இந்த மனுஷர். நன்றாகக் கத்தினேன். தம்பி சிரித்தான், அவனைப் பார்த்தும் கத்தினேன். கத்தி முடித்தபோது நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, கோபத்துக்கு அடியிலிருந்து ஒரு சந்தோஷம் தலை தூக்கியது. குற்றம் என் கை மேல் இல்லை, வண்டி மேலும் இல்லை. புதுக் கேபிள் ஒன்று போட்டால் போதும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் கேபிள் கிடைக்கும் கடை செங்கல்பட்டில் அல்லவா இருந்தது. "நான் ஓட்டிகினு போறேன்" என்றேன்.

"கிளட்ச் இல்லாமயா?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள். கேபிளும் ஹைட்ராலிக்கும் ஒத்துப்போன ஒரே கேள்வி அதுதான்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். கை வலிக்கத் தொடங்கியதிலிருந்து, காலியான ரோடு கிடைத்தால் நான் கிளட்ச்சைத் தொடாமலே கியர் மாற்றிப் பழகியிருந்தேன். ஆக்சிலேட்டரைச் சற்றே தளர்த்தி, இன்ஜின் மூச்சு விடும் நேரம் பார்த்துக் காலால் தட்டினால் கியர் தானாக விழும். கிளம்புவதற்கு மட்டும்தான் ஆள் வேண்டும். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தேன். "தள்ளுங்க" என்றேன். கேபிள் கட்சியும் ஹைட்ராலிக் கட்சியும் தோளோடு தோள் சேர்ந்து, வேர்த்து வழியத் தள்ளின. வேகம் பிடித்ததும் முதல் கியரை மிதித்தேன். வண்டி ஒரு உதறு உதறிவிட்டுப் பறந்தது.

"ஏய், எங்களுக்கு இன்னா வழி?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நின்று பதில் சொன்னால் மறுபடியும் தள்ள வேண்டும். நான் நிற்கவில்லை.

இடது கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் வயல், நேராக ரோடு, கையில் துளி வலி இல்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் வண்டி ஓட்டி வெகுநாள் ஆகியிருந்தது. திருக்கழுக்குன்றத்தில் மட்டும் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்து நிறுத்திவிட்டது. டீக்கடையில் நின்றவர்களைத் தள்ளிவிடக் கூப்பிட்டேன்.

"பெட்ரோல் இல்லியாம்மா?" என்றார் ஒருவர்.

"பெட்ரோல் கீதுண்ணா. கிளட்ச்தான் இல்ல."

"கிளட்ச் இல்லாம எப்டிம்மா போவ?"

"நிக்காம போனா போயிடலாம்ணா."

அவர் நம்பவில்லை, ஆனாலும் தள்ளினார்.

செங்கல்பட்டில் பாதி ஷட்டர் இறக்கிய கடை ஒன்றில் புதுக் கேபிள் போட்டாயிற்று. லீவரை இழுத்துப் பார்த்தேன். இரண்டு விரலில் வந்தது. வந்த சிரிப்பை அடக்க முடியாமல் மறுபடி மறுபடி இழுத்தேன். தம்பி அவன் வண்டியை மீன் லோடு ஏற்றும் குட்டியானை வேனில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பியிருந்தான். என் கணவர் பஸ் பிடித்து, நின்றுகொண்டே வந்து இறங்கினார். நான் சாவியை நீட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என் பின்னால் உட்கார்ந்தது அன்றுதான்.

ஞாயிறு மாலை ஜிஎஸ்டி ரோடு எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது. பிடித்து, விட்டு, பிடித்து, விட்டு. ஒவ்வொரு தடவையும் அவர் என் தோளுக்கு மேலே எட்டி என் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"நெஜமாத்தான்?"

"இல்லங்க."

சிங்கப்பெருமாள் கோயில் தாண்டும் வரை கேட்டார். அப்புறம் தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். கூடுவாஞ்சேரி நெருங்கும்போது என் காதருகே குனிந்தார்.

"காலைல என்னிய ஸ்டேஷன்ல எறக்கி உட்டுட்டு வேலைக்குப் போறியா?"

சந்தோஷத்தில் நான் கிளட்ச்சைப் பிடிக்காமலே கியரை மிதித்துவிட்டேன். வண்டி எகிறியது, அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் வந்து இடித்தது. "சரி" என்றேன்.