உட்காருங்க ஐயா

கலஹா பாதையில் பஸ் ஓட்டி ஓட்டி என் இடுப்பு போய்விட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே உயிர் போகும். நீண்டகால இயலாமைக் காப்புறுதியில் நட்டஈடு கேட்டேன். 'வருந்துகிறோம்' என்று பதில் வந்தது. அந்தச் சொல்லைத் தாண்டி நான் வாசிக்கவில்லை. கடிதத்தைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு காப்புறுதிக் கம்பனியின் கண்டிக் காரியாலயத்துக்குப் போனேன், பஸ்ஸில் நின்றபடியே.

"உட்காருங்க ஐயா," என்று கதிரையைக் காட்டினார் அங்கிருந்த பெண் அலுவலர்.

"முடியாதுங்க மிஸ்."

"கோபப்படாதீங்க. முதல்ல உட்காருங்க."

"உட்கார முடியாமத்தானே வந்திருக்கேன்!" என்று கத்திவிட்டேன்.

அவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கடிதத்தை வாங்கி, கசங்கலை நீவி வாய்விட்டு வாசித்தார். குரல் இறங்கிக்கொண்டே போனது.

"உட்கார்ந்து செய்யிற வேலை செய்யலாம்னு சொல்லித்தான் மறுத்திருக்கோம். உங்க டொக்டர் பாரம் தூக்கக் கூடாதுன்னு மட்டும்தான் எழுதியிருக்காரு. உட்கார முடியாதுன்னும் எழுதி வாங்கிட்டு மேன்முறையீடு செய்யுங்க. அதையும் இதிலேயே கீழ போட்டிருக்கோமே, பாக்கலையா?"

அசடு வழிந்தேன். அவரும் எழுந்து நின்று, தாளை அலுமாரிக் கதவில் வைத்து விண்ணப்பம் எழுதித் தந்தார்.

டொக்டரிடம் எழுதி வாங்கி அதோடு சேர்த்து அனுப்பினேன். அடுத்த கடிதம் 'மகிழ்ச்சியடைகிறோம்' என்று தொடங்கியது. நான் நம்பவில்லை. கடைசி வரிவரை வாசித்தேன். நின்றபடிதான்.