கை நனைத்த வீடு

சொதிச் சாப்பாடு என்றால் எனக்கு உயிர். தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் இலையில் விழுந்துவிட்டால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்க மாட்டேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற பேத்தி இப்போதே சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

போன பங்குனியில் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் தன் பேத்தியின் சடங்குக்குச் சொதிச் சாப்பாடு போட்டார். களக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் தண்ணீர் அவர் தோப்பைத் தாண்டித்தான் மற்றவர்களுக்கு வர வேண்டும். மனுஷர் மடையை அடைத்துக்கொண்டார். கடைசித் தோட்டம் என் பக்கத்து வீட்டுக்காரியுடையது. புருஷன் கேரளாவில் ஹோட்டல் வேலைக்குப் போயிருந்தான். குலை தள்ளுகிற நேரத்தில் அவளுடைய வாழை வாடிக்கொண்டிருந்தது. சடங்குக்கு மறுநாள் ஊர்க்கூட்டத்தில் கேட்கப் போகிறேன் என்றாள். “நல்லா கேளுட்டி” என்று நானும் சொல்லியிருந்தேன்.

சடங்கு வீட்டுக்கு வந்தாள். பிள்ளைக்குப் பூ வைத்தாள். பந்திப் பக்கம் திரும்பாமல் படியிறங்கினாள்.

“சாப்பிடாமப் போவுதா பாரேன். என்ன ராங்கி!” என்றாள் ஒருத்தி.

எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல நாளும் அதுவுமாக அவளை நாலு பேர் ஏச விடலாமா? ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“ஏட்டி, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ.”

“வேண்டாம் மைனி. நாளைக்குப் பேசணும்லா.”

“அது நாளைக்கு. சோறு என்ன பண்ணுச்சு? எம் பக்கத்துல வந்து உக்காரு.”

உட்கார்ந்தாள். வயிறாரச் சாப்பிட்டாள் என்று சொல்ல மாட்டேன். பிசைந்துகொண்டே இருந்தாள். நான் மறுபடியும் சொதி கேட்டு வாங்கினேன்.

மறுநாள் கோவில் மண்டபத்தில் கூட்டம். அவள் எழுந்து, “அண்ணாச்சி, அந்த மடை...” என்று தொடங்கினாள்.

பெரிய வீட்டுக்காரர் கோபப்படவே இல்லை. “இந்தப் பிள்ளை நேத்துதான் நம்ம வீட்ல கை நனைச்சிட்டுப் போச்சு. நமக்குள்ள என்ன வழக்கு? பைய பேசிக்கிடலாம், உக்காரு தாயி.”

“கை ஈரம் காயுமுன்ன வழக்காக்கும்?” என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

எங்கள் ஊரில் அப்படித்தான். சாப்பிட்ட வீட்டைக் குறை சொன்னால் நன்றி கெட்டவள் என்று பெயர். அதனால்தான் அவள் சாப்பிடாமல் போகப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நான்தான் இழுத்துட்டு வந்தேன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் என்னைப் போல் வாயாடி கிடையாது. ஆனால் நானும் அந்த வீட்டில் சாப்பிட்டவள்தானே. குனிந்து முந்தானையைச் சரி செய்துகொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

வாழை போயிற்று. இப்போது அடுத்தவர் தோப்பில் கூலிக்கு இலை அறுக்கிறாள்.

என்னோடு சண்டையெல்லாம் இல்லை. சாயங்காலம் வருவாள், நான் பேசுவதற்கெல்லாம் சிரிப்பாள். நேற்று ஆப்பம் சுட்டிருந்தேன்.

“ரெண்டு தின்னுட்டி” என்றேன்.

“இப்பத்தான் வீட்ல சாப்பிட்டேன் மைனி” என்றாள்.

தோப்பிலிருந்து நேராக வந்திருந்தாள். விரல்களில் வாழைக்கறை கழுவாமல் அப்படியே இருந்தது.